நான்கு எல்லையும் கேட்டாயிற்று

யாழ்ப்பாணப் பட்டினத்தில் காணி விற்று வாங்கிக் கொடுக்கும் இளம்பிள்ளைகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். இப்போது அவர்களைத் தரகர் என்று சொல்லக் கூடாதாம், முகவர் என்று சொல்ல வேண்டுமாம். கழுத்தில் படம் போட்ட அட்டை, கையில் இரண்டு தொலைபேசி, காணிக்கு மேலே பறந்து படம் பிடிக்கும் கருவி என்று நல்ல வசதியாகத்தான் இருக்கிறார்கள். அவர்களில் இருவர் போன மாதம் வேலணைக்கு வந்து, என் வீட்டு விறாந்தையில் இருந்து தேநீர் குடித்துவிட்டு, சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். சனம் எங்களை மதிப்பதில்லை, அதனால் தொழிலுக்கு ஒரு ஒழுங்குவிதி எழுதப் போகிறோம், தீவுப்பகுதியில் இத்தனை வருடம் பிழையில்லாமல் தரகு செய்தவர் நீங்கள், உங்கள் அனுபவம் எங்களுக்கு வேண்டும் என்றார்கள். பிழையில்லாமல் என்று அவர்கள் சொன்னபோதே நான் மறுத்திருக்க வேண்டும். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இதை மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம்.

சனம் மதிப்பதில்லை என்பது உண்மைதான். காணி விற்கும்வரை, வாரும் தம்பி, இரும் தம்பி, என்ன குடிக்கிறீர் என்று கேட்பார்கள். விற்று முடிந்தால் படலையில் வைத்தே கதைத்து அனுப்பிவிடுவார்கள். செத்த வீட்டுக்குப் போய் ஒரு மூலையில் இருந்தால், இந்த வீடு எப்போது விலைக்கு வரும் என்று பார்க்க வந்திருக்கிறான் என்று காதுபடச் சொல்வார்கள். என் மகளின் கலியாணப் பேச்சில் தகப்பனுக்கு என்ன தொழில் என்று மாப்பிள்ளை பகுதி கேட்டபோது, என் மனைவி முந்திக்கொண்டு வியாபாரம் என்றாள். நானும் பேசாமல் இருந்தேன். என்ன வியாபாரம் என்று அவர்களும் கேட்கவில்லை. கலியாணத் தரகர் முன்னமே சொல்லியிருப்பார். அவரும் எங்கள் இனம்தானே.

நான் இந்தத் தொழிலுக்குப் படித்து வந்தவன் அல்ல. சங்கக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். யுத்தத்தில் வந்த இடப்பெயர்வோடு கடையும் போயிற்று, வேலையும் போயிற்று. திரும்பி வந்தபோது ஊரில் பாதி வீடுகளுக்கு ஆளில்லை. வெளிநாட்டில் இருந்தவர்கள் என் காணிக்கு வேலி நிற்கிறதா, கிணறு தூர்ந்துவிட்டதா என்று கடிதம் போட்டுக் கேட்டார்கள். பார்த்துப் பதில் எழுதினேன். பிறகு விற்றுத் தா என்றார்கள், விற்றுக் கொடுத்தேன். இப்படித்தான் தரகன் ஆனேன்.

தொழிலைக் கற்றது ஊர்காவற்றுறையில் காணிப் பத்திரமான உறுதியை எழுதிய ஒரு நொத்தாரிசு ஐயாவிடம். அவருடைய கந்தோரில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் கதிரை உண்டு. தரகருக்குச் சுவரோரம் ஒரு மரவாங்கு. கதிரை சும்மா கிடந்தாலும் அதில் இருக்க விடமாட்டார். ஒருநாள் நான் போய் இருந்துவிட்டேன். "தம்பி, அந்தக் கதிரை காணி உள்ளவைக்கு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. குடையை எங்கே வைப்பது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

உறுதியை எழுதுமுன் அவர் ஒரு காரியம் செய்வார். விற்பவரிடம் பழைய உறுதியை வாங்கி மூடி வைத்துவிட்டு, "வடக்கில ஆர்? கிழக்கில ஆர்?" என்று கேட்பார். நான்கு எல்லையையும் வாயால் சொல்ல வேண்டும். தடுமாறினால் எழுதமாட்டார். பிரான்சிலிருந்து நாலு கிழமை லீவில் வந்த ஒருவருக்குக் கிழக்கு எல்லை தெரியவில்லை. போய்க் காணியைப் பார்த்துவிட்டு நாளைக்கு வாரும் என்று அனுப்பிவிட்டார். அந்த மனிதர் வெயிலில் நின்று என்னைத்தான் திட்டினார். விற்கிற காணியை ஒருக்காலாவது சுற்றி நடக்காதவனுக்கு அதை விற்க என்ன உரித்து என்பது ஐயாவின் கதை.

இன்னொரு வழக்கமும் அவரிடம்தான் வந்தது. எங்கள் பகுதியில் காணி விலைக்கு வந்தால், பங்காளிக்கும் எல்லைக்காரருக்கும் முதலில் சொல்ல வேண்டும். சட்டம் கேட்பதைவிட அவர் அதிகமாகவே கேட்பார். நான்கு எல்லைக்காரரிடமும் தரகனே நேரில் போய், காணி விலைக்கு வருகிறது, உங்களுக்கு வேண்டுமா, வேறு ஆளுக்குக் கொடுத்தால் மனவருத்தம் உண்டா என்று கேட்டுவிட்டு வந்தால்தான் அவர் பேனையைத் திறப்பார். "நாலு எல்லையும் கேட்டாச்சோ?" என்பது கந்தோருக்குள் கால் வைத்ததும் வரும் கேள்வி. மற்றத் தரகர்கள் அவரிடம் வர மாட்டார்கள். நான் போனேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

பொய் சொல்வதில்லை என்பதும் என் பெருமைகளில் ஒன்று. தீவுப்பகுதியில் காணியின் விலை மண்ணில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. மாரியில் எல்லாக் கிணறும் நல்ல தண்ணீர்தான். பங்குனி, சித்திரையில் குடித்துப் பார்த்தால்தான் உவர் தெரியும். சாட்டிக் கடற்கரைப் பக்கம் ஒருவர் தன் காணியைக் காட்ட என்னையும் வாங்க வந்தவரையும் நல்ல கோடையில் கூப்பிட்டார். அள்ளிக் குடித்தேன், இளநீர் மாதிரி இருந்தது. சுற்றிப் பார்த்தால் மற்ற வீடுகளில் எல்லாம் சனம் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறது. கிணற்றடியில் பாரமான வண்டி ஒன்று வந்து போன தடம் கிடந்தது. மனிதர் பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து கிணற்றை நிரப்பியிருக்கிறார். வாங்க வந்தவருக்கு அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். விற்க வந்தவர் என்னோடு இன்றைக்கும் கதைப்பதில்லை. ஆனால் அந்தக் கதை ஊர் முழுக்கப் பரவி, சிவலிங்கம் பொய் சொல்லமாட்டான் என்று எனக்கு ஒரு பெயர் வந்தது. பூமணி அக்காவின் வீட்டுக்குள் நான் போனது அந்தப் பெயரோடுதான்.

பூமணி அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தாய் தகப்பனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இருந்தது ஒரு வீடு, ஐந்து பரப்புக் காணி, ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. அதை மூத்தவ இராசமணிக்குச் சீதனமாக எழுதினார்கள். இளையவவுக்கு எழுத ஒன்றும் மிஞ்சவில்லை, அதனால் அவவுக்குக் கலியாணமும் சரிவரவில்லை. மூத்தவ புருசனோடு கனடாவுக்குப் போனார். தாய் தகப்பனைக் கடைசிவரை பார்த்தது பூமணி அக்காதான். இடம்பெயர்ந்து போய், திரும்பி முதல் ஆளாக வந்து, கூரையில்லாமல் நின்ற வீட்டுக்கு ஓடு போட்டதும் அவர்தான். வருடாவருடம் வேலி அடைத்து, கிணறு இறைத்து, இடம்பெயர்ந்த காலம் போக முப்பது வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் விளக்கு வைத்தவர்.

இராசமணி அக்கா ஒரு மாத லீவில் வந்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். தங்கியிருந்தது பட்டினத்தில், புருசனின் சொந்தக்காரர் வீட்டில். புருசனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாம், வேலைக்குப் போக முடியாதாம், வீட்டை விற்கத்தான் வேண்டும் என்றார். பேராசைக்காரி என்று நான் அவரைச் சொல்லமாட்டேன். முகம் வற்றிப்போயிருந்தது. பூமணி அக்காவுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"எனக்கு அவளின்ரை முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது," என்றார். "நீங்கள் ஊர்க்காரர். பக்குவமாச் சொல்லுங்கோ."

வாங்க ஒரு ஆளும் உடனே கிடைத்தார். சுவிசில் இருக்கும் ஒரு தம்பி, பிறகு ஊருக்கு வந்து இருக்கலாம் என்று நல்ல கிணறுள்ள காணி தேடிக்கொண்டிருந்தார். வீடு வெறுமையாக வேண்டும் என்று அவர் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. விற்கிற வீடு வெறுமையாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே நினைத்துக்கொண்டேன். ஆள் இருக்கிற வீடு என்று சொன்னால் வாங்குபவர் பின்னடித்துவிடுவார் என்ற பயம் தரகனுக்கு எப்போதும் உண்டு.

வழக்கப்படி நான்கு எல்லையும் போனேன். வடக்கில் ஓய்வுபெற்ற வாத்தியார், எங்களுக்கு வேண்டாம் தம்பி, நல்ல ஆளாகப் பார்த்துக் கொடும் என்றார். கிழக்கில் இருந்த பங்காளியும் கையை விரித்துவிட்டார். மேற்கு கோயில் காணி, அதற்குப் பொறுப்பானவரைப் போய்க் கண்டேன். தெற்கு எல்லைக்காரர் பிரான்சில் இருக்கிறார். அவருக்கும் தொலைபேசி எடுத்து, நித்திரையால் எழுப்பி, மனவருத்தம் உண்டா என்று கேட்டேன். இப்படி ஒரு தரகரை நான் கண்டதில்லை என்று அவர் மெச்சினார்.

எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் பூமணி அக்காவிடம் போனேன். கேட்கப் போகவில்லை. சொல்லப் போனேன். பக்குவமாக, வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோலச் சொன்னேன். அத்தானுக்குச் சுகமில்லை, அக்காவுக்குக் கஷ்டம், காணியை எழுத முடிவாகிவிட்டது, உங்களுக்கும் அக்கா ஒரு வழி செய்வார், இந்தக் கடிதத்தில் ஒரு கையெழுத்து வேண்டும் என்றேன். அந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டு போனதும் நான்தான். சகோதரியின் அனுமதியோடு இந்த வீட்டில் இருக்கிறேன், எனக்கு இதில் எந்த உரித்தும் இல்லை என்று இருந்தது.

அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே வீட்டுக்குச் சோலைவரி கட்டிய துண்டுகள், வருடப்படி அடுக்கி நூலால் கட்டியிருந்தன.

"வரி எல்லாம் நான்தான் கட்டினனான் தம்பி. இதால எனக்கு ஏதும் இருக்கோ?"

ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இராசமணி என்றே எழுதியிருந்தது. கட்டியவர் பெயரையும் போடலாமே, ஏன் போடவில்லை என்று கேட்டேன். "அக்காவின்ரை வீட்டுக்கு என்ரை பேரைப் போடுறது வடிவோ?" என்றார். எங்கள் ஊரில் தங்கை ஒருத்தி இப்படித்தான் யோசிப்பாள். உரிமைக்கு ஆதாரம் என்று அவர் நம்பிச் சேர்த்து வைத்த அத்தனை துண்டும் அவருக்கு எதிராகவே பேசியது.

"துண்டெல்லாம் அக்காவின்ரை பேரிலதானே இருக்குது," என்றேன். அவர் கையெழுத்து வைத்தார்.

நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் எனக்கு வேறு பல விசயங்களும் தெரியும். இத்தனை வருடம் ஆண்டு அனுபவித்தவர் ஒரு சட்டத்தரணியிடம் போய்க் கேட்டால் வழி இருக்கலாம் என்று தெரியும். அது வேண்டாம் என்றாலும், சீவிய உரித்து என்று உறுதியில் ஒரு வரி எழுதினால், காணி யாருக்குப் போனாலும் அவர் சாகும்வரை அந்த வீட்டில் இருக்கலாம் என்றும் தெரியும். தாய் தகப்பன் பிள்ளைகளுக்கு எழுதும்போது போடுகிற வரிதான். நான் அதைச் சொல்லவில்லை. நான் விற்பவர், வாங்குபவர் இரண்டு பகுதிக்கும் பொது ஆள் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். பூமணி அக்கா இரண்டு பகுதியிலும் இல்லை.

உறுதி எழுதும் நாள் நொத்தாரிசு ஐயாவின் கந்தோருக்கு அவரும் வந்தார். கடிதம் மட்டும் போதாது, ஆளும் வேண்டும் என்று ஐயா சொல்லியிருந்தார். இராசமணி அக்கா நான்கு எல்லையையும் தடுமாறாமல் சொன்னார். பிறகு ஐயா தங்கையின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, இந்தக் காணியில உமக்கு ஏதும் சொல்ல இருக்கோ?"

இராசமணி அக்கா யன்னலைப் பார்த்தார். பூமணி அக்கா என்னைப் பார்த்தார். ஊரில் பொய் சொல்லாத ஆள் என்று பெயர் எடுத்தவன் நான் அல்லவா? இல்லை என்று சொல்லுங்கள் என்பதாக மெல்லத் தலையை ஆட்டினேன்.

"இல்லை ஐயா," என்றார்.

ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். எல்லாரும் போன பிறகு, "நீர் ஒரு பொய்யும் சொல்லேல்லை. எனக்கு அதுதான் பயமா இருக்குது," என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த வருடம் அவர் காலமாகிவிட்டார். செத்த வீட்டுக்குப் போனேன், பின்னால் நின்றுவிட்டு வந்தேன்.

பூமணி அக்கா நெடுந்தீவில் சித்தப்பாவின் மகன் வீட்டுக்குப் போனார். ஓட்டோ பிடித்துக் குறிகட்டுவான் துறையில் படகேற்றிவிட்டதும் நான்தான். இரண்டு பை, அந்தப் பிஸ்கட் பேணி, ஒரு சாமிப் படம், அவ்வளவுதான் சாமான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று படகில் யாரோ அவர் காதுபடவே சொன்னார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் மறைக்காமல் எழுத வேண்டியது இதைத்தான். அந்த விற்பனைதான் எனக்குப் பெரிய பெயர் எடுத்துத் தந்தது. ஆள் இருந்த வீட்டை வழக்கு இல்லாமல், சண்டை இல்லாமல் முடித்துக் கொடுத்தவர் என்று கனடா, சுவிஸ், பிரான்ஸ் எல்லாம் கதை போயிற்று. பிறகு வந்த காணிகள் எல்லாம் அந்தப் பெயருக்கு வந்தவைதான். சங்கத்துப் பிள்ளைகள் சொல்லும் பிழையில்லாத தரகு அங்கேதான் தொடங்கியது.

நாலு வருடம் கழித்து அந்தச் சுவிஸ் தம்பி வந்தார். இருவரும் போய் வீட்டைப் பார்த்தோம். ஓட்டில் பாதி இல்லை. கதவு நிலைகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கிணற்றுக்குள் யாரோ குப்பை கொட்டியிருந்தார்கள். பூமணி அக்கா அங்கே இருந்து எழும்பிப் போன கதையை ஊரில் யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"அந்த அம்மா இதில இருந்திருக்கலாமே அண்ணை," என்றார். "சாகும் வரைக்கும் இருக்கட்டும் எண்டு ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தா நான் ஓம் எண்டிருப்பன். நான் வந்து இருக்க இன்னும் கன காலம் கிடக்குது. நீங்கள் ஒருக்காலும் சொல்லேல்லையே."

வீட்டைத் திருத்தித் தருகிறேன், அவவை வந்து இருக்கச் சொல்லுங்கோ என்று அவர் சொன்னார். அடுத்த நாளே குறிகட்டுவானுக்குப் போய்ப் படகேறினேன். கடல் அன்றைக்குக் குழம்பிக் கிடந்தது.

பூமணி அக்கா மாட்டுக்கொட்டிலில் கன்றுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றார். நன்றாக மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டார். நான் இருக்கவில்லை. வந்த விசயத்தைச் சொன்னேன். பிறகு சீவிய உரித்தைப் பற்றியும், அன்றைக்குச் சொல்லாமல் விட்ட மற்றவற்றையும், தலையை ஆட்டியதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். பிழை விட்டுவிட்டேன் அக்கா என்றேன். அவர் கன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"சட்டம் எனக்குத் தெரியாது தம்பி. ஆனா நீர் நாலு எல்லைக்காரரையும் போய்க் கேட்டனீர். பிரான்சுக்குக் கூடப் போன் எடுத்துக் கேட்டனீர் எண்டு வாத்தியார் சொன்னவர். நடுவில நான் இருந்தனான். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் அக்கா என்று கேட்டேன். அதை நான் கேட்டிருக்கக் கூடாது.

"ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன். அத்தான் வருத்தக்காரன். வித்துப்போட்டு அந்தாளைப் பார் எண்டு நானே அவளுக்குச் சொல்லியிருப்பன். அப்ப அது நான் குடுத்த வீடா இருந்திருக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. வாருங்கள், இப்போதாவது வந்து இருங்கள் என்று கெஞ்சினேன். ஏலாது என்றார். அது இனி தன் வீடு இல்லையாம். காவலுக்கு ஆள் வேண்டும் என்றால் வேறு ஆளைப் பிடிக்கட்டும் என்றார். பின்னேரப் படகு வெளிக்கிடப் போகிறது, பிந்தினால் நாளைக்குத்தான் போகலாம் என்று அவர்தான் ஞாபகப்படுத்தினார்.

படகில் எனக்குப் பக்கத்தில் ஒரு நடுவயது மனிதர் வந்து இருந்தார். என் முகத்தை இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு, வேலணைச் சிவலிங்கம் அண்ணை தானே என்று கேட்டார். ஓம் என்றேன். தகப்பன் விட்டுப்போன காணி ஒன்று இருக்கிறது, அதை விற்க வேண்டும், நம்பிக் கொடுக்க ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றார்.

"பூமணி அக்காவின்ரை வீட்டை முடிச்சுக் குடுத்தது நீங்கள்தானாம். அவவிட்டத்தான் விசாரிச்சனான். உங்களில ஒரு குறையும் சொல்லேல்லை, நல்ல மனிசன் எண்டுதான் சொன்னவ."

நான் தரகை விட்டுவிட்டேன் என்று அவருக்குச் சொன்னேன். எப்போது விட்டீர்கள் என்று அவர் கேட்டார். இன்றைக்குத்தான் என்றேன்.